காவிளாய்: வெறுந்தறையை மூடும் பசளைச் செடி

பெரும்போக நெல் அறுத்தபின், யாழ்ப்பாணக் குடாநாட்டு வயல்கள் பல அடுத்த மாரிவரை வெறுந்தறையாய்க் கிடக்கின்றன. வெயிலும் சோளகக் காற்றும் மண்ணின் ஈரத்தைக் கவர்கின்றன. அக்காலத்தில் நீர்ப்பாய்ச்சலின்றி நிலத்தை மூடிப் பின்னர் பசளையாகவும் பயன்படுவது காவிளாய். தமிழகத்தார் இதனைக் கொழிஞ்சி என்பர். 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது கமக்காரர் பட்ட இடரை நினைப்போர், இதன் அருமையை உணர்வர்.

இயல்பு

இது தாழ்ந்து கிளைக்கும் பல்லாண்டுச் செடி. ஊதாப் பூப் பூப்பது. வேர் ஆழச் செல்வதாற் கோடையையும் தாங்கும். வேர் முடிச்சுகளில் வாழும் பற்றீரியங்கள் காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு ஈட்டிக் கொடுக்கும். பச்சைச் செடியை மாடுகள் பெரும்பாலும் மேயா.

விதைப்பு

விதையின் தோல் வன்மையானது. அப்படியே விதைத்தாற் பல முளையா. ஆதலின் விதையைப் பருமணலுடன் கலந்து நன்கு தேய்த்தபின் விதைத்தல் வேண்டும். ஏக்கருக்கு 8 கிலோ விதை போதும்; தோட்டத் தறையில் 16 பரப்பு ஓர் ஏக்கராதலின், பரப்புக்கு அரைக் கிலோ ஆகும். நெல் அறுத்தவுடன், ஈரம் உலருமுன் விதைக்க. தொடக்கத்தில் வளர்ச்சி மந்தமாயிருக்கும், அதுகண்டு மனந்தளரவேண்டாம். முற்றிய நெற்றுகள் சிந்திய நிலத்தில் மறுவருடம் தானாகவே முளைக்கும்.

புதைத்தல்

தண்டு முற்றி வைரமேறினால் உக்குவதற்கு நாட் செல்லும். ஆகவே பூக்கும் பருவத்தில், மழை மண்ணை நனைத்ததும் உழுது புதைத்து, இரண்டு கிழமை கழித்து நெல் விதைக்க. மிளகாய், கத்தரி பயிரிடுவோர் தோட்ட ஓரங்களில் இதனை வளர்த்து, இளங்கொப்புகளை வெட்டிப் பாத்திகளிற் புதைக்கலாம். பயிரின் அடியில் மூடாக்காகவும் பரப்பலாம்.

கவனிக்க

காவிளாய் புதைத்த நிலத்திற்கு முன்போல யூரியா இடுதல் தவறு. பயிர் கொள்ளாத நைதரசன் நைத்திரேற்றாகி, மழைநீருடன் சுண்ணக்கற் பாறையினூடாகக் கிணற்றைச் சேரும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருத்தலை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நீரிற் கரைத்த பாலுணவு கைக்குழந்தைகளுக்குத் தீங்கு தரும். எனவே யூரியாவைக் குறைத்து, அதனையும் பல முறையாகப் பிரித்து இடுக. செடியிலுள்ள நஞ்சு மீன்களைக் கொல்லுமாதலின், தழையைக் குளங்களில் இடலாகாது.

முதலில் ஒரு பரப்பில் விதைத்து, விளைவைப் பக்கத்து வயலுடன் ஒப்பிட்டுப் பார்ப்பீர்களாக.