பாட்டியோட தண்டட்டியும் சீன ராணியோட கம்மலும்

இன்னிக்கு எபிசோட் காதுல போடுற தங்கத்தைப் பற்றி. ஒன்று சீனாவுல, இன்னொன்று நம்ம திண்டுக்கல் பக்கம். முதல்ல சீனாவுக்குப் போயிட்டு வந்துடலாம்.

பெய்ஜிங் பக்கத்துல டிங்லிங்னு ஒரு கல்லறை இருக்கு. மிங் வம்சத்துப் பேரரசர் வான்லியும் அவரோட இரண்டு ராணிகளும் அடக்கமான இடம். 1956ல் அதைத் தோண்ட ஆரம்பிச்சாங்க. உள்ளே கிடைச்ச நகைகள்ல ஒரு ஜோடிக் கம்மல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தங்க வளையம், அதுக்குக் கீழே ஜேடுல செதுக்கின முயல். உரல்ல மருந்து இடிச்சுக்கிட்டு நிக்குது. கண்ணுக்குச் சின்னதா சிவப்புக் கல். நிலாவுல நம்ம ஊர்ல பாட்டி வடை சுடுறாங்க இல்லையா, அங்கே முயல் மருந்து இடிக்குது. அந்தக் கதைதான் ராணி காதுல தொங்கியிருக்கு.

மிங் காலத்து நகைகள்ல கல்லைப் பெரும்பாலும் பட்டை தீட்ட மாட்டாங்க. மழமழன்னு உருட்டி, கிடைச்ச வடிவத்துலயே தங்கத்துல பதிச்சுடுவாங்க. நம்ம பழைய கெம்பு நகைகள்ல பார்க்கிற அதே உருண்டை மினுக்கம்.

அந்தச் சிவப்புக்கும் நீலத்துக்கும் ஒரு வழி இலங்கை. செங் ஹே கப்பல் படையோட போன மா ஹுவான், மழைத் தண்ணி மலையிலிருந்து அடிச்சுட்டு வர்ற மணல்ல ரத்தினம் கிடைக்கிறதா எழுதி வெச்சிருக்கார். 1409ஆம் ஆண்டு தேதியிட்டு செங் ஹே காலியில் வெச்ச கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம்னு மூணு மொழியில் இருக்கு. அந்த வியாபாரக் கடல்ல தமிழும் ஒரு மொழி!

இப்போ நம்ம ஊர்

நத்தம், சாணார்பட்டி, வத்தலக்குண்டு பக்கம் சொந்தக்காரங்க இருந்தா, வயசான அப்பத்தா யாரோட காதாவது தோள் வரைக்கும் தொங்குறதைப் பார்த்திருப்பீங்க. அதுல போட்டதுதான் தண்டட்டி, பாம்படம். கல் எதுவும் கிடையாது. உருண்டை, கட்டம், கூம்புன்னு வெறும் வடிவங்கள். இன்னிக்கு ஒரு டிசைனர் போட்டாலும் மாடர்னா தெரியும்.

அந்தக் காது தானா வளர்ந்ததில்லை. சின்ன வயசுல குத்தி, ஓட்டையில் பஞ்சோ சுருட்டின ஓலையோ வெச்சு, அப்புறம் ஈயத்துல செஞ்ச குணுக்கை மாட்டி, எடை கூட்டிக் கூட்டி வடிப்பாங்க. பல வருஷ வேலை, வலியும் உண்டு. பின்னாடி வந்த தலைமுறை அதை வேணாம்னு விட்டதுல எனக்கு வருத்தம் இல்லை. பல பேர் வடிச்ச காதைத் தைச்சுக்கிட்டு சாதாரணக் கம்மலுக்கு மாறினாங்க.

வருத்தம் நகையைப் பற்றித்தான். ராணியோட கம்மல் தப்பிச்சதுக்குக் காரணம், அது அவங்களோடயே மண்ணுக்குள்ள போனது. நம்ம வழக்கம் வேற. அப்பத்தா கண்ணை மூடினதும் காதுல இருந்து கழற்றிடுவோம். அப்புறம் யாருக்கு எவ்வளவுன்னு பங்கு. ஒரு ஜோடியை நாலு பிள்ளைக்கு எப்படிப் பிரிக்கிறது? உருக்கினாத்தான் பிரியும். பசுபதியும் ரோகிணியும் நடிச்ச 'தண்டட்டி' படம் 2023ல் வந்ததே, அதுல இறந்த அம்மா காதுல இருந்து காணாமப் போன தண்டட்டிக்குத்தான் அவ்வளவு சண்டையும்.

விற்கிறதுக்கு முன்னாடி

தண்டட்டி பார்க்கப் பெரிசா இருந்தாலும் பெரும்பாலும் கெட்டித் தங்கம் இல்லை. மெல்லிய தகடு, உள்ளே அரக்கு. அடகுக்கோ விற்கவோ போனா அரக்கு எடையைக் கழிச்சுத்தான் மதிப்புப் போடுவாங்க. நீங்க நினைச்சதைவிடக் கையில் குறைவாத்தான் வரும். ஆனா உருக்கினதும் அந்த வடிவம் போயிடும். அதைத் திரும்பச் செய்யத் தெரிஞ்ச ஆசாரியும் இப்போ அரிது.

காசு அவசரம்னா விற்க வேண்டியதுதான், அதுல தப்பு எதுவும் இல்லை. அதுக்கு முன்னாடி ஒரு நாள் எடுத்துக்கோங்க. நாலு பக்கமும் போட்டோ எடுங்க. எடையையும், ஒவ்வொரு உருப்படிக்கும் உங்க வீட்டுல சொல்ற பேரையும் எழுதிக்கோங்க. முக்கியமா, அதைப் போட்டவங்க உயிரோட இருந்தா, எப்போ காது வடிச்சாங்க, யார் செஞ்சு கொடுத்தாங்கன்னு கேட்டு போன்ல ரெக்கார்ட் பண்ணிடுங்க. டிங்லிங் கம்மலைப் போட்ட ராணிகிட்ட யாரும் இனிமே கேட்க முடியாது. உங்க அப்பத்தாகிட்ட இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்கலாம்.