கயிறும் குழந்தையின் வாயும்

‘தூக்குல போட்டாத்தான் பயப்படுவானுங்க.’ 2019 ஆகஸ்டில் போக்சோ சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது டீக்கடையில் ஒரு தோழர் சொன்னது இது. மரணதண்டனைக்கு எதிராகக் கையெழுத்து வாங்கித் திரிந்தவர். அவரைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 2018 ஏப்ரலில் கத்துவா செய்திகளை வாசித்த இரவில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஆத்திரம் வேறு, சட்டத்தை ஒரு பிரதியாக வாசிப்பது வேறு.

2012ஆம் ஆண்டுப் பிரதியில் பிரிவு 6, குழந்தையின் மீதான மிகக் கடுமையான பாலியல் வன்முறைக்குக் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் என்றது. 2019 திருத்தம் அதை 20 ஆண்டில் தொடங்கி மரணம்வரை நீட்டியது. எது ‘மிகக் கடுமையானது’ என்பதைப் பிரிவு 5 பட்டியலிடுகிறது. போலீஸ்காரர், ராணுவத்தார், பள்ளி நடத்துபவர் என்று போகிற அந்தப் பட்டியலில் ரத்த உறவும் திருமண உறவும் ஒரே வீட்டில் வசிப்பவரும் உண்டு. ஆக, கயிறு தொங்குவது தெருமுனை அந்நியனுக்கு மட்டுமல்ல. அப்பனுக்கும் சித்தப்பனுக்கும் தாய்மாமனுக்கும்தான். நம் சினிமா கட்டிவைத்திருக்கும் ‘காமக்கொடூரன்’ எப்போதும் வெளியிலிருந்து வருபவன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கிலோ, குழந்தைகள் மீதான வல்லுறவு வழக்குகளில் 100க்கு 90க்கும் மேல் தெரிந்த ஆட்கள்.

ஒரு மாவட்ட நீதிமன்ற வராந்தாவில் ஒரு பாட்டி பேத்தியிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்: ‘மாமனத் தூக்குல போட்ருவாங்க கண்ணு, பாத்துச் சொல்லு.’ அந்தப் பிள்ளைக்குப் பத்து வயசு இருக்கலாம். தண்டனையின் முழு பாரத்தையும் அந்த வாயில் ஏற்றிவிடுகிறோம். பிறகு ‘பிறழ் சாட்சி’ என்று பெயர் வைக்கிறோம்.

பாரம் நீதிபதியின் பேனாவையும் அழுத்துகிறது. 2021 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை, 12 வயதுச் சிறுமியின் மார்பை உடைக்கு மேலாக அழுத்தியது போக்சோவின் பாலியல் தாக்குதல் ஆகாது என்றது. தோலோடு தோல் படவில்லையாம். அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று, தண்டனை கடுமையாக இருப்பதால் நிரூபணமும் கடுமையாக வேண்டும் என்பது. இங்கே குறைந்தபட்சத் தண்டனை வெறும் மூன்று ஆண்டு! அதே ஆண்டு நவம்பரில் உச்சநீதிமன்றம் இதைத் தூக்கியெறிந்தது, சரிதான். ஆனால் அந்தத் தர்க்கம் காலியாகிவிட்டதாக நான் நம்பவில்லை. மூன்றுக்கே இப்படியென்றால் கயிற்றுக்கு?

வல்லுறவுக்கு மரணதண்டனை வேண்டாம் என்று 2013 ஜனவரியிலேயே வர்மா குழு சொன்னது. கேட்பாரில்லை. இதே சட்டத்தின் பிரிவு 35, நீதிமன்றம் வழக்கை ஏற்ற 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவுசெய்யச் சொல்கிறது. கூடியமட்டும் ஓராண்டில் விசாரணையை முடிக்கச் சொல்கிறது. திருத்தமே தேவையில்லை, 2012லிருந்து இருக்கிறது. இதற்காக யாரும் மெழுகுவத்தி ஏந்திப் பார்த்ததில்லை.

அந்தப் பாட்டியும் பேத்தியும் அன்றைக்கு வந்தது நாலாவது வாய்தாவுக்கு. மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார்கள். ஜட்ஜ் லீவாம்.