தண்டனை பற்றி என்ன சொல்கிறீர்கள்?

ராஜபாளையத்தில் ஒரு கொலை நடந்தால், வழக்கு முதலில் மாஜிஸ்திரேட்டிடம் போகும். அவர் அதைச் செசன்ஸ் நீதிமன்றத்துக்கு அனுப்பிவைப்பார். மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட முதன்மை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். இரண்டு தரப்புச் சொந்தபந்தங்களும் வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறிப் போய் வருவார்கள். கடைசியில் ஒருநாள் 'குற்றவாளி' என்று தீர்ப்பாகும். உடனே நீதிபதி கேட்பார்: "தண்டனை பற்றி என்ன சொல்றீங்க?"

இப்படிக் கேட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். கூண்டில் நிற்பவர் பெரும்பாலும் என்ன சொல்வார்? "அம்மாவுக்கு வயசாயிருச்சு, பிள்ளைக சின்னது, பார்த்துச் செய்யுங்கய்யா." பல வழக்குகளில் அத்தோடு சரி. சில நிமிடங்கள்தான்.

என் ஆதங்கம் இந்தச் சில நிமிடங்கள் பற்றியது. குற்றத்தை மட்டுமல்ல, குற்றவாளியையும் பார்க்க வேண்டும். அரிதினும் அரிதான வழக்கில்தான் தூக்கு என்று 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. திருந்தவே மாட்டார் என்பதை அரசுதான் நிரூபிக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் தண்டனையைக் கடுமையாக்கும் காரணங்கள் எல்லாம் போலீஸின் கேஸ் கட்டிலேயே இருக்கின்றன: திட்டமிட்டது, கொடூரம், எதிர்க்க வலுவில்லாத உயிர், பிரேதப் பரிசோதனை அறிக்கை. தணிக்கும் காரணங்களைத் திரட்ட ஆளில்லை.

கடலூர் மாவட்டம் கம்மாபுரம் காவல் நிலைய வழக்கைப் பாருங்கள். 2009இல், பணம் கேட்டுக் கடத்தப்பட்ட 7 வயதுச் சிறுவன் கொல்லப்பட்டான். அந்தத் தாயின் துக்கத்துக்கு அளவில்லை. 2010இல் விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்தது. சென்னை உயர் நீதிமன்றமும், 2013இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. ஒரே ஆண்பிள்ளையை இழந்தார்கள் என்பதுகூடக் கடுமையாக்கும் காரணமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

2023 மார்ச்சில், உச்ச நீதிமன்ற மறுசீராய்வில், நீதிபதிகள் சந்திரசூட், ஹிமா கோலி, நரசிம்மா அமர்வு குற்றம் உறுதி என்றது. தூக்கை மட்டும் மாற்றியது. கொல்லப்பட்ட குழந்தை ஆணா பெண்ணா என்பது தண்டனையைக் கூட்டாது என்று திருத்தியது. தணிக்கும் காரணங்களை எந்த நீதிமன்றமும் முறையாக விசாரிக்கவில்லை என்றது. சம்பவத்தின்போது குற்றவாளிக்கு வயது 23, முன்வழக்கு கிடையாது, சிறையில் கேட்டரிங் டிப்ளமோ முடித்திருக்கிறார். தப்ப முயன்றதும் உண்டு. அதையும் நீதிபதிகள் கணக்கில் எடுத்தார்கள். கடைசியில் தண்டனைக் குறைப்பில்லாத 20 ஆண்டு ஆயுள். இதையெல்லாம் கேட்டறிய 13 ஆண்டு ஆகியிருக்கிறது!

தணிக்கும் காரணங்களை விசாரிக்காமல் விடும் இந்தத் தவறு விசாரணை நீதிமன்றத்திலேயே தடுக்கப்பட வேண்டும். கல்வி, குடும்பப் பின்னணி, மனநல அறிக்கை, சிறை நடத்தை எல்லாவற்றையும் அங்கேயே வாங்கச் சொல்லி 2022இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. நம் பக்கத்தில் அது எங்கே கிடைக்கும்? படிப்பு நின்ற வருஷத்தைச் சொல்லும் பள்ளி டி.சி.யில், ராஜபாளையம் மில்லின் வருகைப் பதிவேட்டில், சத்திரப்பட்டி பேண்டேஜ் தறிக்கூடத்தில் கூட வேலை பார்த்தவரின் வாயில், மனநலச் சிகிச்சைக்குப் போன ஆஸ்பத்திரிச் சீட்டில். யாராவது நேரில் போய்க் கேட்டால்தான் உண்டு. இலவச சட்ட உதவி வக்கீலுக்கு அதற்கான நாளும் செலவும் கொடுக்க வேண்டும். வாய்தா கேட்டால் இழுத்தடிப்பு என்று நினைக்கக் கூடாது.

செசன்ஸ் நீதிபதியின் நெருக்கடியும் சிறியதல்ல. கொலைக்கு அவர் கையில் இருப்பது தூக்கு அல்லது ஆயுள், இரண்டே. குறைப்பில்லாத 20, 25, 30 ஆண்டு என்று வகுக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டுமே என்று 2015இல் ஸ்ரீஹரன் வழக்கில் முடிவானது. அந்த ஆண்டுக் கணக்கு எப்படி வருகிறது என்பது அடுத்த இதழில்.

(தொடரும்)