ஐயக்கிளவியும் ஆம்–இல்லை வினாவும்: புதிர் விடுவித்தலின் இலக்கணம்

முன்னுரை

ஒருவர் முடிவுபெறாத ஒரு நிகழ்ச்சியைக் கூற, கேட்போர் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டில் ஒன்றையே விடையாகப் பெறத்தக்க வினாக்களைத் தொடுத்து மறைந்துள்ள காரணத்தைக் கண்டறியும் விளையாட்டு இன்று பள்ளி, கல்லூரி வகுப்பறைகளில் பரவலாகி வருகிறது. எட்வர்டு டி போனோ 1967-இல் வெளியிட்ட நூலால் நிலைபெற்ற பக்கவாட்டுச் சிந்தனை என்னும் கருத்தோடு இவ்வகைப் புதிர்கள் இணைத்துப் பேசப்படுகின்றன. 1991-இல் வெளிவந்த பால் சுலோனின் தொகுப்பு இவற்றைப் பலரிடமும் கொண்டுசேர்த்தது. தமிழில் இவை பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டே வழங்குகின்றன. பெயர்க்கும்போது பல புதிர்கள் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவிழ்ந்துவிடுகின்றன. அதற்குக் காரணம் பெயர்ப்பாளரின் திறமைக்குறைவு மட்டுமன்று. தமிழ் வினைமுற்றின் அமைப்பும் ஆகும். புதிரை மறைத்துச் சொல்வதற்கும், ஐயத்தோடு வினவுவதற்கும், வழுவின்றி விடையிறுப்பதற்கும் வேண்டிய இலக்கணம் தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் ஏற்கனவே வகுக்கப்பட்டுள்ளது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

பிசியும் இப்புதிரும்

தொல்காப்பியர் செய்யுளியலில் பிசியை இரண்டாக வகுக்கிறார். உவமையோடு பொருந்தி வருவது ஒன்று. தோன்றும் பொருளைக் கூறும் கூற்றிலிருந்து மறைபொருளைத் துணிய வைப்பது மற்றொன்று. பிறையைக் கவ்வியபடி நடக்கும் மலை யானையாதல் முதல்வகைக்கு உரையாசிரியர் காட்டும் சான்று. இவ்விடத்துக் கேட்போருக்கு வேண்டிய குறிப்புகள் யாவும் பிசிக்குள்ளேயே உள்ளன, எதிர்வினா வேண்டுவதில்லை. இங்கு ஆராயப்படும் புதிரோ குறிப்புகளை வேண்டுமென்றே குறைத்து வைக்கிறது. வினவினாலன்றி அது விடுபடாது. ஆகவே இதனைப் பிசியின் வழித்தோன்றல் என்று கொள்வதைவிடச் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தோடு வைத்து நோக்குவதே பொருத்தமானது.

விரவுவினை: மறைத்துச் சொல்லும் கருவி

மேலைநாடுகளில் பரவலாக வழங்கும் ஒரு புதிர்: உரோமியோவும் சூலியத்தும் தரையில் இறந்துகிடக்க, அருகே உடைந்த கண்ணாடியும் நீரும் காணப்படுகின்றன. இருவரும் மீன்கள் என்பது விடை. ஆங்கிலத்தில் இதைச் சொல்வதில் இடர் ஏதுமில்லை. தமிழில் ‘கிடந்தனர்’ என்றால் திணைவழு. ‘கிடந்தன’ என்றால் விடை வெளிப்பட்டுவிடும். அன்பினால் மீனை உயர்திணையாக்கிக் கூறியதாக, உவப்பின்கண் வந்த திணைவழுவமைதி என்று நன்னூல் வழி அமைதி கூறலாம். எனினும் கேட்டவர் தாம் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார். மேலே அப்புதிரைச் சொன்ன தொடரில் ‘இறந்துகிடக்க’ என்னும் செயவென் எச்சம் வந்திருப்பதைக் கருதுக. அவ்வெச்சம் திணையையும் பாலையும் காட்டுவதில்லை. அதனால் பொய்யும் இல்லை, வெளிப்பாடும் இல்லை.

தொல்காப்பியர் வினையியலில் இருதிணைக்கும் பொதுவாகிய விரவுவினைகள் எட்டினைத் தொகுத்துரைக்கிறார். முன்னிலை, வியங்கோள், வினையெச்சம், இன்மை செப்பல், வேறு என்னும் கிளவி, செய்ம்மன, செய்யும், செய்த என்பன அவை. தமிழில் புதிர் அமைப்பவரின் கருவிப்பெட்டி இதுவே எனலாம். பெயரிலும் இவ்வாறே விரவுப்பெயர்கள் உள. சாத்தி வந்தாள், சாத்தி வந்தது என உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டில் ஒரு பெயரே பெண்ணையும் பசுவையும் குறிக்கிறது. முடிக்கும் வினையை நீக்கிவிட்டால் அவ்வெடுத்துக்காட்டே ஒரு புதிராகிவிடும்.

அதனை அடியொற்றி, விளக்கத்தின் பொருட்டு இக்கட்டுரையாளர் அமைத்த புதிர் வருமாறு:

விக்கிரவாண்டிக்கு அருகில் உள்ள சிற்றூரைச் சார்ந்த முதியவர் ஒருவர் விடியற்காலையில் இலட்சுமியோடு திண்டிவனத்திற்குப் புறப்பட்டார். மாலையில் தனியே திரும்பினார். மடியில் பணம் இருந்தது. இலட்சுமி இல்லாத வீட்டில் அவர் மனைவி அழுதுகொண்டிருந்தார். அக்கம்பக்கத்தார் ஆறுதல் கூறினர். காவல் நிலையத்திற்கு எவரும் செல்லவில்லை. நடந்தது என்ன?

இலட்சுமி ஒரு பசு. இதனை எழுதும்போது வினைமுற்றினும் பெரிய இடர் வினைச்சொற்களின் மரபில் எழுந்தது. பசுவை ‘ஓட்டிச் சென்றார்’ என்பர். பெண்ணை ‘அழைத்துச் சென்றார்’ என்பர். முன்னது விடையைச் சொல்லிவிடும், பின்னது மரபுவழுவாகும். ஆகவேதான் ‘இலட்சுமியோடு’ என உடனிகழ்ச்சிப் பொருளில் வரும் உருபைக் கொண்டும் ‘இல்லாத’ என்னும் பெயரெச்சத்தைக் கொண்டும் தொடர்கள் அமைந்தன.

வினவுவோரின் ஐயம்

இப்புதிரைக் கேட்பவர் இயல்பாக முதலில் வினவுவது ‘இலட்சுமி அவருடைய மகளா?’ என்பதே. ‘இல்லை’ என்றதும் ‘மனைவியா?’, ‘பேத்தியா?’ என்று வினாக்கள் தொடரும். முறைப்பெயர் தீரும்வரை இது நீளும். உயர்திணை என்பதில் இவர்க்கு ஐயமே எழவில்லை. ஐயுறாது விட்ட அவ்விடத்திலேயே விடை இருக்கிறது.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ஐயக்கிளவிக்கு வகுத்த விதிகள் இங்கு நினையத்தக்கன. ஆணோ பெண்ணோ எனப் பால் ஐயம் தோன்றின் பன்மையாற் கூறுக. மனிதனோ மரக்கட்டையோ எனத் திணை ஐயம் தோன்றின் ‘உருவு’ போன்ற பொதுச்சொல்லாற் கூறுக என்பன அவ்விதிகள். மங்கிய ஒளியில் தொலைவில் நிற்பதைக் குற்றியோ மகனோ என வினவும் எடுத்துக்காட்டு உரைகளில் வழிவழியாக வருவது. ஐயம் நீங்குமுன் ஐயப்பொருளை ஒரு திணைக்குள் அடைத்துவிடலாகாது என்பதே இவ்விதிகளின் உட்கிடை. ‘இலட்சுமி இறந்துவிட்டாளா?’ என்று வினவுபவர் ‘ஆள்’ விகுதியால் அதனைச் செய்துவிடுகிறார். ‘இலட்சுமிக்கு இறப்பு நேர்ந்ததா?’ என்று வினவியிருப்பின் ஐயம் ஐயமாகவே நின்றிருக்கும்.

இங்கு இருபது வினா விளையாட்டிலிருந்து இது வேறுபடும் இடத்தைச் சுட்டவேண்டும். ஒவ்வொரு வினாவும் எஞ்சியவற்றைச் சரிபாதியாகப் பகுக்குமாயின் இருபது வினாக்களால் 10,48,576 பொருள்களுள் ஒன்றைத் தனித்தறியலாம். அக்கணக்கு, பகுக்கவேண்டிய பொருள்கள் இவை எனக் கேட்போர் அறிந்திருக்கும்போதே செல்லும். இலட்சுமியை மாந்தர்க்குள் மட்டும் தேடுபவர் எத்துணை முறை பாதியாகப் பகுத்தாலும் பசுவை அடையார்.

விடையிறுப்போரின் சொல்

நன்னூலார் விடையைச் சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவதுகூறல், இனமொழி என எட்டாக வகுத்து, இறுதி ஐந்தையும் குறிப்பால் விடையாகக் கொள்வார். நம் அன்றாடப் பேச்சில் அவ்வைந்துமே மிகுதி. விழுப்புரம் பேருந்து நிலையத்தில் ‘திண்டிவனம் போகுமா?’ என்று வினவினால் ‘போகும்’ என்னும் நேர்விடை அரிதாகவே கிடைக்கும். ‘ஏறுங்க’ என்பார் நடத்துநர், அது ஏவல். ‘பாண்டி வண்டிங்க’ என்பார் மற்றொருவர்; அது இனமொழி. வினவியவர் பொருள் உணர்ந்துகொண்டு செல்கிறார். புதிர் விளையாட்டோ நேரும் மறையும் ஒழிந்த எல்லாவற்றையும் விலக்குகிறது. வகுப்பில் முதன்முறை விளையாடுவோர் தடுமாறுவதற்கு இவ்விலக்கே பெருங்காரணம் எனலாம். ‘விற்றாரா?’ என்றால் ‘பணம் எங்கிருந்து வந்தது?’ என எதிர்வினா வந்துவிடுகிறது.

மறைவிடைக்குரிய சொல்லும் ஆராயத்தக்கது. ‘மகளா?’ என்னும் வினாவுக்கு இலக்கண வழக்கில் ‘அல்லள்’ என்றோ ‘அன்று’ என்றோ கூறவேண்டும். முன்னது பெண்பால் என உறுதிசெய்துவிடும். பின்னது அஃறிணை எனக் காட்டிவிடும். அதனால் விடையிறுப்பவர் ‘இல்லை’ என்கிறார். அன்மைப் பொருளில் ‘இல்லை’ என்பதைப் பிழையென ஆசிரியர்கள் திருத்துவதுண்டு. கட்டுரை எழுதும் மாணவர்க்கு அத்திருத்தம் தக்கதே. இவ்விளையாட்டிலோ திணையையும் பாலையும் காட்டாது மறுக்க இதனினும் சிறந்த சொல் இல்லை. தொல்காப்பியர் இன்மை செப்பலை விரவுவினையுள் வைத்ததையும், பவணந்தியார் வேறு, இல்லை, உண்டு என்னும் மூன்றும் ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என்றதையும் இங்கு ஒப்புநோக்கலாம்.

எனினும் ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டும் ஒத்த பாதுகாப்புடையன அல்ல. ‘இலட்சுமி இறந்துவிட்டாளா?’ என்பதற்கு ‘இல்லை’ என்பது மெய்யே. அக்கூற்று முழுவதும் நிகழாதது. பசு உண்மையில் இறந்திருந்து ‘ஆம்’ என்றிருந்தால், இறப்போடு ‘ஆள்’ விகுதியையும் விடையிறுப்பவர் ஒப்புக்கொண்டவராவார். அது விடைவழு. செப்பும் வினாவும் வழுவாது காக்கவேண்டும் எனத் தொல்காப்பியர் இரண்டையும் சேர்த்தே விதித்ததன் அருமை இத்தகைய இடத்தில் புலனாகிறது. ‘விற்றுவிட்டாரா?’ என்னும் வினாவில் இவ்விடர் இல்லை. விகுதி முதியவரைச் சுட்டுவதால் ‘ஆம்’ என்பது வழுவன்று.

மூன்றாம் விடை

ஆமும் இல்லையும் போதாத வினாக்கள் உள. அவற்றுக்குத் ‘தொடர்பில்லை’ என்னும் மூன்றாம் விடை ஒன்று இவ்விளையாட்டில் வழங்குகிறது. ஒன்றற்கொன்று வேறான பலவற்றை அது ஒருங்கே விழுங்கிவிடுகிறது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. மணிமேகலையின் முப்பதாம் காதை விடையை நான்காக வகுக்கிறது: துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை. செத்தவன் பிறப்பானோ என்றால் பற்று நீங்கியவனோ நீங்காதவனோ எனப் பிரித்தல் கூறிட்டு மொழிதல். முட்டை முந்தியதோ பனை முந்தியதோ என்றால் எந்த முட்டைக்கு எந்தப் பனை என மீள வினவுதல் வினாவின் விடுத்தல். ஆகாயப் பூ பழையதோ புதியதோ என்பார்க்கு மறுமொழி கூறாதிருத்தல் வாய்வாளாமை.

‘இலட்சுமி பெண்ணா?’ என்னும் வினாவை இவற்றோடு பொருத்திப் பார்க்கலாம். பசுவும் பெண்மையுடையதே, மரபியல் ‘பெண்’ என்பதை விலங்குகளின் பெண்மைப் பெயர்களோடும் எண்ணுகிறது, மக்கட்குரியதாகவும் கூறுகிறது. ஆகவே கூறிட்டு மொழிதற்குரிய வினா அது. ‘இலட்சுமி எழுதிய கடிதம் வீட்டில் கிடைத்ததா?’ என்பது ஆகாயப் பூவைப் பற்றிய வினா. ‘அன்று மழை பெய்ததா?’ என்பதோ வழுவற்ற வினா. ஆயினும் புதிருக்குப் பயன்படாதது. இறுதியது ஒன்றே ‘தொடர்பில்லை’ என்பதற்கு உரியது. ஒரு பொருளை ஒருவகையால் உண்டு என்றும் ஒருவகையால் இல்லை என்றும் கூறத்தகும் என்பது சமண அளவையின் கொள்கை. நன்னூலார் சமணர் என்பதும், தமிழ்ச் சமணரின் மடம் திண்டிவனம்–செஞ்சி வட்டாரத்து மேல்சித்தாமூரில் இன்றும் உள்ளது என்பதும் அறிந்தவையே. விடைவகைகளை இவ்வளவு நுணுகிப் பகுத்த மரபில் அக்கொள்கைக்கு உள்ள பங்கு தனியே ஆராயத்தக்கது.

களப்பணிக்கு ஒரு குறிப்பு

நம் விடுகதைத் தொகுப்புகள் பெரும்பாலும் விடுகதையையும் விடையையும் மட்டுமே அச்சிடுகின்றன. இடையில் கேட்போர் கூறிய தவறான விடைகளும், தொடுத்த வினாக்களும், சொன்னவர் தந்த மறுப்புகளும் பதிவாவதில்லை. விடையைப் பின்னொருநாள் வேறொருவரிடமும் கேட்டுப் பெறலாம். அவ்வுரையாடலைப் பெற இயலாது. விழுப்புரம், திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களில் விடுகதை திரட்டும் ஆய்வு மாணவர்கள் ஒலிப்பதிவை விடை வந்ததும் நிறுத்தாது, வினாக்களை அவற்றின் விகுதியோடு எழுத்துப்பெயர்த்து வைத்தல் வேண்டும். வினவியவர் ‘வந்தாளா’ என்றாரா, ‘வந்துச்சா’ என்றாரா, ‘வந்தாங்களா’ என்றாரா என்பது முதலிற் குறிக்கவேண்டுவது. பேச்சுவழக்கில் ‘வந்துச்சா’ என்பது குழந்தையையும் கன்றையும் ஒருங்கே சுட்டும் இடங்கள் உள. அவ்விடங்களில் திணை ஐயத்தைப் பேசுவோர் எவ்வாறு கையாளுகின்றனர் என்பதை அறிவதற்கு அவ்வினாக்களே சான்றாகும்.