2 விநாடி பிந்தி வந்த குரல்

சென்ற தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது, அலமாரியின் மேல்தட்டில் ஒரு வீடியோ கேசட் கிடைத்தது. அப்பாவின் கையெழுத்தில் ‘கல்யாணம், 1994’ என்று இருந்தது. அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுல பாட்டி பேசுறாங்க, தெரியுமா?” என்றார்.

அம்மாவைப் பெற்ற பாட்டி இறந்தபோது எனக்கு நான்கு வயது. அவர் முகம் புகைப்படங்களில் இருக்கிறது. குரல் இந்த ஒரு கேசட்டில் மட்டும்தான்.

மாமா வீட்டில் ஒரு பழைய வீடியோ பிளேயர் இருந்தது. அதைக் கணினியோடு இணைக்க, மலிவு விலையில் ஒரு யூஎஸ்பி கருவி வாங்கினேன். மென்பொருளும் கூடவே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆயிற்று.

நிறம் எங்கே?

மஞ்சள் வயர் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. எல்லாம் சரியாகத்தான் செருகினேன். ஆனால் படம் கறுப்பு வெள்ளையில், மேலும் கீழும் உருண்டது. டேப் கெட்டுவிட்டதோ என்று பயந்து, பிளேயரைத் தொலைக்காட்சியில் இணைத்துப் பார்த்தேன். அதில் அம்மாவின் கூறைப்புடவை நல்ல சிவப்பு!

தவறு அமைப்பில் இருந்தது. மென்பொருள் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பயன்பட்ட ‘என்டிஎஸ்சி’ முறையில் நின்றது. நம் ஊர்க் கல்யாண வீடியோக்கள் ‘பால்’ முறையில் எடுக்கப்பட்டவை. அதில் விநாடிக்கு 25 படங்கள், 625 கோடுகள். என்டிஎஸ்சியில் சுமார் 30 படங்கள், 525 கோடுகள். ‘பால்’ என்று மாற்றியதும் நிறம் வந்துவிட்டது.

பாதியில் நின்ற பதிவு

அடுத்த வாரம், தாலி கட்டும் முன்பே பதிவு நின்றது. நான் சேமித்த வெளி வட்டு ‘ஃபேட்32’ வகை. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. கணினியின் சொந்த வட்டிலேயே சேமித்ததும் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

உதடு முந்தியது, குரல் பிந்தியது

மூன்றாவதுதான் பெரிய தலைவலி. தொடக்கத்தில் சரியாக இருந்த ஒலி, போகப் போகப் பின்தங்கியது. பாட்டி பேசி வாயை மூடிய பிறகு குரல் வந்தது, முழுதாக 2 விநாடி கழித்து.

நாடா தேய்ந்த இடங்களில் கருவி சில படங்களைத் தவறவிடுகிறது. ஒலியோ நிற்காமல் பதிவாகிறது. 2 விநாடி என்றால் 50 படங்கள் காணாமல் போயிருக்கின்றன. கூடவே வந்த மென்பொருளில் முன்னும் பின்னும் வெட்டலாம், தலைப்பு போடலாம், வட்டில் எழுதலாம். ஒலியை மட்டும் பிரித்து நகர்த்த வழியே இல்லை. அதனிடம் கேட்கக் கூடாததைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. பதிவு செய்வது மட்டும்தான் அதன் வேலை.

பிறகு செய்தவை இவை:

• டேப்பை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றினேன். பிளேயரின் ஹெட்டைச் சுத்தம் செய்யக் கொடுத்தேன்.

• யூஎஸ்பி கருவியை ஹப்பில் செருகாமல், நேராகக் கணினியிலேயே செருகினேன். மற்ற செயலிகளை மூடினேன்.

• மூன்று மணி நேர டேப்பை 15 நிமிடத் துண்டுகளாகப் பதிந்தேன். விலகல் ஒவ்வொரு துண்டிலும் புதிதாகத் தொடங்குவதால் பெரிதாக வளரவில்லை.

• மிச்சமிருந்த விலகலை, ஒலியைத் தனியே நகர்த்தக்கூடிய வேறொரு இலவச மென்பொருளில் சரிசெய்தேன். மூலப் பதிவை வெட்டாமல் இரண்டு இடங்களில் வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கேசட் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஜப்பானின் ஃபூனாய் நிறுவனமும் 2016-இல் வீடியோ பிளேயர் தயாரிப்பை நிறுத்திவிட்டது. நம் ஊர் ஈரப்பதத்தில் நாடாவில் பூஞ்சை வேறு பிடிக்கும். கேசட்டின் கண்ணாடி வழியே வெள்ளையாகப் படிந்திருப்பது தெரிந்தால் பிளேயரில் போடாதீர்கள். மற்ற டேப்புகளுக்கும் அது பரவும். விவரம் தெரிந்த கடையில் கொடுங்கள்.

நான்காவது ஞாயிறு அம்மாவை அழைத்துப் போட்டுக் காட்டினேன். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த பாட்டி, கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டி, “என்னை எதுக்குப்பா எடுக்குற? போய்ப் பொண்ணை எடு!” என்றார். உதடும் குரலும் ஒன்றாக இருந்தன.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும் போடச் சொன்னார்.