சிகிச்சைக்குப் பின் வரும் காய்ச்சல்

பாரிவாக்கத்திலிருந்து பூந்தமல்லியை அடைந்து, நெடுஞ்சாலை வழியே கிழக்கு நோக்கிச் சென்றால், சென்ட்ரல் நிலையத்திற்கு எதிரிலுள்ள அரசு பொது மருத்துவமனையை அடைந்துவிடலாம். பகலில் எளிதான வழிதான். ஆனால் ஈரல் புற்றுநோய்க்குத் தமனி வழிச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவருக்கு நள்ளிரவில் காய்ச்சல் கண்டால், 'இப்போதே புறப்படுவதா, விடியட்டும் என்று இருப்பதா?' எனக் குடும்பமே கலங்கி நிற்கிறது. இதற்கான விடையை நாம் முன்னரே அறிந்திருத்தல் நலம்.

ஈரலுக்கு இரத்தம் இரு வழிகளில் வருகிறது. ஏறத்தாழ முக்கால் பங்கைக் குடலிலிருந்து வரும் சிரை கொணர்கிறது. எஞ்சியதைத் தமனி தருகிறது. புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனியையே உறிஞ்சி வளர்கிறது. எனவே தொடை இடுக்கின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்கு மருந்தூட்டி, அதன் இரத்த வழியையும் அடைத்துவிடுகின்றனர். தக்க நோயாளரின் ஆயுளை இம்முறை நீட்டிக்கிறது என்பதை, 2002-ஆம் ஆண்டில் பார்சிலோனாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வெளிவந்த ஆய்வுகள் காட்டின.

இரத்தமின்றிக் கட்டி மடியும்போது காய்ச்சல், வலது விலாவின்கீழ் வலி, குமட்டல் ஆகியவை பலருக்கும் தோன்றிச் சில நாட்களில் தணியும். இதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் ஏறினாலோ, தணிந்தது மீண்டும் வந்தாலோ, ஈரலில் சீழ் கட்டியிருக்கக்கூடும். பித்தக்குழாயில் முன்பு அறுவை செய்துகொண்டவர்களுக்கு இவ்வபாயம் மிகுதி. கண்கள் மஞ்சளித்தல், வயிறு வீங்குதல், பேச்சுத் தடுமாறுதல் ஆகியவை ஈரல் தளர்வதன் அறிகுறிகளாகலாம். மருந்து வழிதவறி இரைப்பையின் நாளத்துள் புகுந்தால் புண் உண்டாகும். கரிய மலமும் இரத்த வாந்தியும் அதனை உணர்த்தலாம். எக்ஸ்ரே படத்திற்காகச் செலுத்தும் சாயம் சிறுநீரகத்தைத் தாக்கினால் சிறுநீர் குறையும். குழாய் நுழைந்த இடத்தில் வீக்கம் பெருகுவதும், இரத்தம் கசிவதும் ஆபத்தே. இவற்றுள் எது தோன்றினும் விடியும்வரை காத்திருத்தலாகாது. கடையில் வாங்கிய வலி மாத்திரையால் அடக்கவும் முயலலாகாது.

மருத்துவமனையை விட்டுப் புறப்படுமுன், 'இரவில் எவரை அழைப்பது?' என்று கேட்டு, அத்தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுவோம். வீட்டாருக்குத் தொல்லை தரலாகாது என்றெண்ணி நோயுற்றோர் பலர் வலியை மறைப்பதுண்டு. அவர்கள் வாய் திறக்கும்வரை காத்திராமல், அன்புடன் நாமே கேட்போம். தக்க வேளையில் கேட்ட ஒரு கேள்வி ஓர் உயிரைக் காக்கக்கூடும் அன்றோ?