பெடல் இறங்கினால் பிரேக் ஒயில் ஊற்றினால் மட்டும் போதுமா?

1960களில் செய்த மொரிஸ் மைனர் காரில் நாலு வீலுக்கும் ஒரே ஒயில் லைன்தான். ஓரிடம் விட்டால் நாலும் போச்சு, மிச்சம் கைபிரேக் மட்டும்.

ஒயில் அடிக்கடி குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. வீல்களின் உட்பக்கத்தையும், டிரைவர் காலடித் தகட்டுக்குக் கீழே இருக்கும் மாஸ்டர் சிலிண்டரையும் பாருங்கள். அங்கே யாரும் பார்ப்பதே இல்லை!

வண்டியை நிறுத்தி, பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல இறங்கினால், வெளியே ஈரமில்லாவிட்டாலும், மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் தேய்ந்திருக்கும். இரண்டு மூன்று மிதியில் உயர்ந்து கெட்டியாக நின்றால் சூ தள்ளி நிற்கிறது; லைனரில் கனம் இருந்தால் டைட் பண்ணலாம். பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே காற்று.

எஞ்சின் ஒயிலை அதில் ஊற்றவே கூடாது, ரப்பர் ஊதிவிடும். ரப்பர் மாற்றும்வரை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளம் இறங்க வேண்டாம்.